வீடு கட்டப் போறீங்களா? சதுர அடி ரேட்டை விட முக்கியமான ஒரு கணக்கு இருக்கு!



நாலைஞ்சு வருஷம் சம்பளத்துல மிச்சம் பிடிச்சு, ஊர்ப்பக்கம் ஒரு மனை வாங்கிட்டீங்க. அடுத்து வீடு. தெரிஞ்சவர் மூலமா ஒரு கான்ட்ராக்டர் வர்றார். மனையைச் சுத்திப் பார்த்துட்டு, "சதுர அடி 2,400 சார், எல்லாம் சேர்த்து" அப்படின்னு சொல்றார். உடனே மொபைல்ல கால்குலேட்டரைத் திறக்குறீங்க. 1,000 சதுர அடி, 24 லட்சம். இன்னொருத்தர் 2,300-னு சொன்னா, "ஒரு லட்சம் மிச்சம்"னு மனசு அந்தப் பக்கம் சாயுது.

இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. சதுர அடிக்கு 100 ரூபாய் குறைக்க ஒரு மாசம் பேரம் பேசுவாங்க. ஆனா அந்த 24 லட்சத்தை எந்த நேரத்துல, எவ்வளவு எவ்வளவா கொடுக்கப் போறோம்னு பத்து நிமிஷம் கூட பேசமாட்டாங்க. வீடு பாதியில நிக்கிறதும், பர்சனல் லோன் வாங்கி ஓடுறதும் பெரும்பாலும் இந்த ரெண்டாவது விஷயத்தாலதான்.

வீடியோவுல நேரம் இல்லாம வேகமா சொல்லிட்டுப் போன கணக்கை இங்க நிதானமா எழுதுறேன். தமிழ்நாட்டுல சொந்த மனையில, தரைத்தளம் மட்டும், 1,000 சதுர அடி வீடு. இதையே உதாரணமா கடைசி வரைக்கும் எடுத்துக்குவோம். இதுல வர்ற விலைகள் எல்லாம் கணக்கு புரியறதுக்காக நான் போட்டவை. உங்க ஊர் விலையைப் போட்டு நீங்க திரும்பக் கணக்கு பண்ணிக்கோங்க.

"எல்லாம் சேர்த்து"ன்னா எதெல்லாம் சேர்த்து?

முதல் கேள்வி, எந்த ஆயிரம் சதுர அடி? நீங்க மனசுல வச்சிருக்கிறது ஹால், ரெண்டு பெட்ரூம், கிச்சன், பாத்ரூம். கான்ட்ராக்டர் அளக்கிறது சுவரோட வெளி அளவு. அதோட போர்டிகோ, சிட்-அவுட், மாடிப்படிக்கு மேல வர்ற ஹெட்ரூம் எல்லாம் அவர் கணக்குல வரும்.

போர்டிகோ 120 சதுர அடி, ஹெட்ரூம் 80 சதுர அடின்னு வைங்க. மொத்தம் 200. இதுக்குப் பாதி ரேட்னா 2.4 லட்சம். முழு ரேட்னா 4.8 லட்சம். ஒரே வரியில 2.4 லட்சம் வித்தியாசம்! சதுர அடிக்கு 100 ரூபாய் குறைச்சு நீங்க மிச்சம் பிடிச்சது வெறும் ஒரு லட்சம்தான். அதனால ரேட் கேட்கும்போதே "எது முழு ரேட், எது பாதி ரேட், எது கணக்குலயே வராது"ன்னு கேட்டு எழுதி வாங்குங்க. பேரம் பேசி ஒரே தொகைக்கு முடிச்சுட்டா இன்னும் நல்லது. நம்ம உதாரணத்துல போர்டிகோ, ஹெட்ரூம் எல்லாம் சேர்த்தே 24 லட்சம்னு பேசி முடிச்சதா வச்சுக்குவோம்.

ரெண்டாவது கேள்வி, ரேட்டுக்கு வெளியே என்ன இருக்கு? பொதுவா இதெல்லாம் தனியாதான் வரும்:

- போர்வெல், மோட்டார்: 1.2 லட்சம்
- தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க்: 1.5 லட்சம்
- காம்பவுண்டு சுவர், கேட்: 2 லட்சம்
- பிளான், அனுமதிக் கட்டணம், மண் பரிசோதனை, ஸ்ட்ரக்சுரல் டிராயிங்: 60,000
- மின் இணைப்பு, தற்காலிகமும் நிரந்தரமும்: 30,000
- மனை பள்ளமா இருந்தா கூடுதல் மண் நிரப்புறது: 40,000

மொத்தம் 6 லட்சம். ஆக, உங்க வீட்டோட விலை 24 லட்சம் இல்ல, 30 லட்சம். இதுல மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், ஃபேன், ஏசி, கிரகப்பிரவேசச் செலவு எதுவும் சேரல. பேங்க்ல லோன் கேட்கும்போதும் இந்த 30 லட்சத்துக்குத்தான் எஸ்டிமேட் போடணும். 24-க்குப் போட்டுட்டு, அப்புறம் "இன்னும் கொஞ்சம் கொடுங்க"ன்னு போய் நின்னா புது லோன் மாதிரி எல்லாத்தையும் திரும்பப் பார்ப்பாங்க.

லேபர் கான்ட்ராக்டா, ஃபுல் கான்ட்ராக்டா?

லேபர் கான்ட்ராக்ட்னா மேஸ்திரி ஆளைக் கூட்டிட்டு வந்து வேலை மட்டும் செய்வார். சிமெண்ட், கம்பி, செங்கல், எம்-சாண்ட், ஜல்லி எல்லாம் நீங்க வாங்கித் தரணும். செலவு குறையும், எந்தப் பொருள் வருதுன்னும் தெரியும். ஆனா காலையில ஒன்பது மணிக்கு நீங்க ஆபீஸ் மீட்டிங்ல இருக்கும்போது "சார், சிமெண்ட் தீர்ந்து போச்சு, ஆள் சும்மா உட்கார்ந்திருக்காங்க"ன்னு போன் வரும். ஊர்ல அப்பாவோ மாமாவோ கூட இருந்து பார்த்துக்க முடியும்னா மட்டும் இதை யோசிங்க.

ஃபுல் கான்ட்ராக்ட்னா பொருளும் ஆளும் அவரோடது. வெளியூர்ல வேலை பார்க்கிறவங்க பெரும்பாலும் இதைத்தான் எடுப்பாங்க. கான்ட்ராக்டரோட லாபம் ரேட்டுக்குள்ளயே இருக்கும். அது நியாயம்தான், அவர் அலைச்சலுக்கான கூலி அது.

இதுல ஜிஎஸ்டி ஒண்ணு இருக்கு, கவனமா கேளுங்க. தனி வீட்டுக்கு லேபர் மட்டும் கான்ட்ராக்ட் எடுத்தா அதுக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கு. பொருளோட சேர்த்து எடுக்கிற கான்ட்ராக்டுக்கு 18%. 24 லட்சத்துக்கு 18%னா 4 லட்சத்து 32 ஆயிரம்! சின்ன கான்ட்ராக்டர் நிறைய பேர் ஜிஎஸ்டி பதிவே பண்ணியிருக்க மாட்டாங்க. அவங்க உங்ககிட்ட ஜிஎஸ்டின்னு வாங்கவும் கூடாது. பதிவு பண்ணின நிறுவனம்னா, "இந்த 2,400-ல ஜிஎஸ்டி சேர்ந்திருக்கா, தனியா வருமா?"ன்னு முதல் நாளே கேட்டுடுங்க. கடைசி பில்லுல இது வந்து நின்னா தாங்காது.

வீடு எழும்பும் வரிசை: எந்தக் கட்டத்துல என்ன பார்க்கணும்?

*1. அனுமதியும் டிராயிங்கும்*

2,500 சதுர அடிக்குள்ள மனை, 3,500 சதுர அடிக்குள்ள கட்டடம், தரைத்தளம் அல்லது அதுக்கு மேல ஒரு மாடி. இந்த அளவுக்குள்ள வர்ற வீடுகளுக்குத் தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில சுயசான்று முறையைக் கொண்டு வந்துச்சு. ஒற்றைச் சாளர இணையதளத்துல விண்ணப்பிச்சு, கட்டணம் கட்டி அனுமதி வாங்கலாம். வேகமா கிடைக்குதுன்னு சந்தோஷப்படுற அதே நேரம், பெயரைக் கவனிங்க, "சுயசான்று". பிளான் விதிப்படிதான் இருக்குன்னு கையெழுத்து போடுறது நீங்க. பக்கவாட்டுல விட வேண்டிய இடத்தை விடாம கட்டினா பொறுப்பும் உங்களோடதுதான்.

மண் பரிசோதனையையும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கையும் தவிர்க்காதீங்க. மொத்தச் செலவுல இது ரொம்பச் சின்னது. ஆனா எவ்வளவு ஆழம், எத்தனை கம்பின்னு எழுத்துல கொடுக்கிறது இது மட்டும்தான். அது இல்லாம சைட்டுல தகராறு வந்தா மேஸ்திரி சொல்றதுதான் சட்டம்.

*2. கடைக்கால்*

வானம் தோண்டி, அடியில பி.சி.சி. போட்டு, ஃபுட்டிங், காலம் எழுப்புற கட்டம். "அஞ்சு அடி ஆழம் வரைக்கும்தான் ரேட்டுல, அதுக்கு மேல எக்ஸ்ட்ரா" அப்படிங்கிற வரி இங்கதான் வரும். கரிசல் மண்ணோ களிமண்ணோ இருந்தா ஆழம் கூடும், முறையே கூட மாறலாம். முன்னாடியே மண் பரிசோதனை பண்ணியிருந்தா இந்தச் செலவு கான்ட்ராக்ட் பேசும்போதே தெரிஞ்சுடும். பண்ணலேன்னா, குழி தோண்டின பிறகு தெரியும். அப்போ பேரம் பேச உங்க கையில எதுவும் இருக்காது.

*3. பேஸ்மெண்ட்*

ரோட்டு மட்டத்துல இருந்து எத்தனை அடி உயரம்னு அக்ரிமெண்ட்ல இருக்கணும். பக்கத்து மனையைப் பார்க்காதீங்க, ரோட்டைப் பாருங்க. ரோடு போடும்போதெல்லாம் அது உயர்ந்துக்கிட்டே வரும். உள்ளே நிரப்புற மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா கொட்டி, தண்ணி விட்டு, திமிசு போட்டு இறுக்கணும். ஒரே நாள்ல லாரி லாரியா கொட்டி மேல தளம் போட்டுட்டா ரெண்டு வருஷத்துல டைல்ஸ் இறங்கும். கரையான் மருந்து அடிக்கிறதும் இந்தக் கட்டத்துலதான். தரை மூடின பிறகு அதே வேலைக்குத் தரையைத் துளைக்கணும்.

*4. சுவர், லிண்டல்*

வேலை வேகமா போற மாதிரி தெரியும். ஒரு வாரத்துல சுவர் எழும்பிடும். "நல்லா பண்றாரு"ன்னு நம்பிக்கை வந்து, கேட்ட பணத்தை எல்லாம் கொடுக்கத் தோணும். இந்த இடத்துல கொஞ்சம் நிதானம் தேவை. சன்ஷேடு, லாஃப்ட், ஷெல்ஃப் எல்லாம் ரேட்டுல எத்தனை அடி வரைக்கும் சேர்ந்திருக்குன்னு இப்போ சரி பாருங்க.

*5. ரூஃப் காங்கிரீட்*

மொத்த வேலையிலயே ஒரே நாள்ல அதிகப் பணம் இறங்குற நாள் இது. லீவு போட்டாவது சைட்டுல இருங்க. அதை விட முக்கியம், முந்தின நாள் கம்பி கட்டி முடிச்சதும் ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டுப் போய் டிராயிங்கை வச்சு சரி பார்க்கிறது. அவர் கான்ட்ராக்டரோட ஆளா இல்லாம இருக்கணும். அவருக்குக் கொடுக்கிற சில ஆயிரம் வீண் போகாது.

கம்பி எடையைச் சரி பார்க்க ஒரு எளிய சூத்திரம் இருக்கு. கம்பியோட விட்டத்தை அதே எண்ணால பெருக்கி 162-ஆல வகுங்க. ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வந்துடும். 12 எம்எம் கம்பிக்கு 144-ஐ 162-ஆல வகுத்தா 0.89 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒண்ணு சுமார் 10.7 கிலோ இருக்கணும். பில்லுல இருக்கிற எடையையும் இறங்கின கம்பியோட எண்ணிக்கையையும் வச்சுப் பாருங்க. பெரிய வித்தியாசம் வந்தா கேள்வி கேளுங்க.

காங்கிரீட் போட்ட மறுநாளே வேலை முடிஞ்சதா நினைக்காதீங்க. சாதாரண சிமெண்ட்னா குறைஞ்சது 7 நாள், பிபிசி சிமெண்ட்னா குறைஞ்சது 10 நாள் ஈரம் காயாம வச்சிருக்கணும்னு காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி சொல்லுது. நம்ம வெயிலுக்கு 14 நாள் தண்ணி கட்டினா நல்லது. இந்தச் செலவில்லாத வேலையைத்தான் நிறைய சைட்டுல விட்டுடுறாங்க. தண்ணி யார் விடணும்னு அக்ரிமெண்ட்லயே எழுதிடுங்க.

*6. கன்சீல்டு பைப், பூச்சு*

எலக்ட்ரிக்கல் பாயிண்ட் எத்தனைன்னு எண்ணிக்கை பேசலேன்னா ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் எக்ஸ்ட்ரா வரும். ரூம் ரூமா எங்கே ஃபேன், எங்கே ஏசி, எங்கே சார்ஜர்னு ஒரு தாள்ல வரைஞ்சு கொடுத்துடுங்க. பூசுறதுக்கு முன்னாடி எல்லாச் சுவரையும் மொபைல்ல வீடியோ எடுத்து வச்சுக்கோங்க. பின்னாடி ஆணி அடிக்கும்போது பைப் எங்கே போகுதுன்னு அந்த வீடியோதான் சொல்லும்.

*7. டைல்ஸ், கதவு, பெயின்ட்*

"டைல்ஸ் ரேட்டுல சேர்ந்திருக்கு" அப்படின்னா சதுர அடிக்கு எத்தனை ரூபாய் டைல்ஸ்? 45 ரூபாய்க்குப் பேசியிருந்து, கடையில உங்களுக்குப் பிடிச்சது 85 ரூபாய்னா மிச்சம் 40 உங்க தலையில. பாத்ரூம் சுவரையும் சேர்த்து 1,300 சதுர அடின்னா 52,000 ரூபாய். தலைவாசல் தேக்கா, வேற மரமா? ஜன்னல் மரமா, யுபிவிசியா? குழாய் எந்த விலையில? எல்லாத்துக்கும் ஒரு தொகை எழுதி வாங்குங்க. "நல்ல கம்பெனி போட்டுத் தர்றேன் சார்" அப்படிங்கிறது வாக்குறுதி இல்ல, ஆறுதல்.

இப்போ அந்த முக்கியமான கணக்கு

நிறைய கான்ட்ராக்டர் கொடுக்கிற கட்டண அட்டவணை இப்படி இருக்கும்: அட்வான்ஸ் 20%, பேஸ்மெண்ட் முடிஞ்சதும் 20%, லிண்டல்ல 20%, ரூஃப் போட்டதும் 20%, பூச்சு முடிஞ்சதும் 15%, சாவி கொடுக்கும்போது 5%. பார்க்க ஒழுங்கா, சமமா இருக்கு. கையெழுத்து போட்டுடுவோம்.

ரூஃப் போட்ட அன்னைக்கு நிலைமையைப் பாருங்க. நீங்க கொடுத்தது 80%, அதாவது 19.2 லட்சம். வீட்டைப் பார்த்தா முழு உருவம் வந்துடுச்சு, முக்கால்வாசி முடிஞ்ச மாதிரிதான் தெரியும். ஆனா செலவுக் கணக்குப்படி ரூஃப் வரைக்கும் ஏறக்குறைய பாதிதான். பூச்சு, டைல்ஸ், கதவு ஜன்னல், வயரிங், பிளம்பிங், பெயின்ட் எல்லாம் சேர்ந்து மறுபாதி. ஆக நடந்த வேலையோட மதிப்பு 12 லட்சம். மிச்சம் 7.2 லட்சம் ரூபாய் கான்ட்ராக்டர் கையில, செய்யாத வேலைக்காக.

இங்க அவர் கெட்டவரா இருக்கணும்னு அவசியமே இல்ல. உங்க 7.2 லட்சத்தை அவர் அடுத்த சைட்டுக்குக் கம்பி வாங்கப் போட்டிருப்பார். அந்த சைட்காரர் பணம் தர லேட் பண்ணினா, உங்க வீட்டுல வேலை நிக்கும். "ஆள் கிடைக்கல சார், தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டாங்க"ன்னு பதில் வரும். உங்களால கோபப்படவும் முடியாது. பணம் அவர்கிட்ட இருக்கு.

அவர் வரவே இல்லேன்னா? பாக்கி வேலைக்கு 12 லட்சம் வேணும். கான்ட்ராக்ட் கணக்குல உங்ககிட்ட மிச்சம் 4.8 லட்சம். அதுக்கு மேல, வேற ஒருத்தர் பாதியில விட்ட வேலையை எடுக்கிற புது ஆள் பழைய ரேட்டுக்கு வரமாட்டார்.

இப்போ லோனையும் இதுல சேர்த்துப் பாருங்க. மொத்தம் 30 லட்சத்துல உங்க சேமிப்பு 10 லட்சம், லோன் 20 லட்சம்னு வைங்க. பேங்க் முழுப் பணத்தையும் ஒரே நாள்ல தராது. பெரும்பாலும் முதல்ல உங்க பங்கைப் போடச் சொல்லும். அப்புறம் அவங்க இன்ஜினியர் வந்து பார்த்து, எத்தனை சதவீதம் வேலை முடிஞ்சிருக்குன்னு எழுதிக் கொடுப்பார். அந்த அளவுக்குத்தான் பணம் வரும். கான்ட்ராக்டர் அட்டவணையை அவங்க பார்க்கவே மாட்டாங்க.

ரூஃப் முடிஞ்சப்போ 50%னு எழுதினா 10 லட்சம் வரும். உங்க 10 லட்சத்தோட சேர்த்து 20 லட்சம். செலவானது எவ்வளவு? கான்ட்ராக்டருக்கு 19.2 லட்சம். போர்வெல், அனுமதி, மண் நிரப்பினது 2.2 லட்சம். மொத்தம் 21.4 லட்சம். 1.4 லட்சம் துண்டு விழுது. அடுத்த தவணை வேணும்னா பூச்சு முடியணும். பூச்சு முடியணும்னா கான்ட்ராக்டர் பணம் கேட்கிறார். இந்த இடத்துலதான் பர்சனல் லோன், கிரெடிட் கார்டு, அம்மாவோட நகை எல்லாம் உள்ளே வருது. லோன் சாங்ஷன் ஆகியும் பணம் இல்லாம நிக்கிறது இதனாலதான்.

அட்டவணையை மாத்திக் கேளுங்க

அதே 24 லட்சம், அதே கான்ட்ராக்டர். தவணையை மட்டும் இப்படி மாத்திப் பாருங்க:

- அக்ரிமெண்ட் அன்னைக்கு: 5%
- பேஸ்மெண்ட் முடிஞ்சதும்: 15%
- லிண்டல் முடிஞ்சதும்: 12%
- ரூஃப் காங்கிரீட் முடிஞ்சதும்: 18%
- கன்சீல்டு பைப், உள் வெளி பூச்சு முடிஞ்சதும்: 18%
- டைல்ஸ், கதவு, ஜன்னல் முடிஞ்சதும்: 15%
- பெயின்ட், எலக்ட்ரிக்கல், பிளம்பிங் ஃபிட்டிங் முடிஞ்சதும்: 9%
- சாவி கொடுக்கும்போது: 3%
- ஒரு மழைக்காலம் கடந்த பிறகு: 5%

இப்போ ரூஃப் அன்னைக்குக் கொடுத்தது 50%, 12 லட்சம். நடந்த வேலையும் 12 லட்சம். வெளிச் செலவு 2.2 லட்சத்தைச் சேர்த்தா 14.2 லட்சம். கையில வந்தது 20 லட்சம். இன்னும் 5.8 லட்சம் உங்ககிட்ட இருக்கு. அடுத்த தவணை 4.32 லட்சத்தைப் பேங்கை எதிர்பார்க்காம கொடுக்கலாம். மொத்தச் செலவு ஒரு ரூபாய் கூட மாறல. பணம் போற வரிசை மட்டும்தான் மாறிச்சு.

கான்ட்ராக்டர் இதுக்கு உடனே ஒத்துக்க மாட்டார். "நான் எங்கே போய் முதல் போடுவேன் சார்?"னு கேட்பார். நியாயமான கேள்விதான், சின்ன கான்ட்ராக்டர்கிட்ட கையில முதல் இருக்காது. அதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஒவ்வொரு கட்டத்தையும் ரெண்டா உடைச்சு, சின்னச் சின்னத் தவணையா கொடுக்கலாம். இன்னொண்ணு, கம்பிக்கும் சிமெண்டுக்கும் நீங்களே கடைக்கு நேரா பணம் அனுப்பிட்டு, அந்த பில்லை அவர் தவணையில கழிச்சுக்கலாம். பொருள் உங்க சைட்டுல இறங்கும், பணம் வேற சைட்டுக்குப் போகாது. ரெண்டுக்கும் ஒத்துக்காம, 20% அட்வான்ஸ்தான் வேணும்னு பிடிவாதம் பிடிச்சா, வேற கான்ட்ராக்டரைப் பாருங்க.

மாசச் சம்பளத்துல இது எப்படி இடிக்கும்?

வீடு முடியற வரைக்கும் வாங்கின பணத்துக்கு மட்டும் வட்டி கட்டுவோம், இதுக்குப் பேர் பிரீ-இஎம்ஐ. வட்டி 8.5%னு வச்சா, வாங்கின 10 லட்சத்துக்கு மாசம் சுமார் 7,000. இப்போ இருக்கிற வாடகை 12,000. ரெண்டும் சேர்த்து 19,000. 20 லட்சத்தை 20 வருஷத்துக்கு எடுத்தா முழு இஎம்ஐ சுமார் 17,350. அதாவது கட்டிக்கிட்டிருக்கிற காலம்தான் குடிபோன காலத்தை விட இறுக்கமா இருக்கும். வேலை நாலு மாசம் தள்ளிப்போனா 76,000 ரூபாய் போச்சு. லோன் கடிதத்துல முழு இஎம்ஐ எந்தத் தேதியில தொடங்கும்னும் பாருங்க. வீடு முடியலேன்னாலும் அந்தத் தேதிக்குத் தொடங்கிடலாம். அப்போ வாடகையும் முழு இஎம்ஐயும் சேர்ந்து வரும்.

வரி விஷயம் சுருக்கமா. பழைய வரி முறையில இருந்தா, குடியிருக்கிற வீட்டோட வட்டிக்கு வருஷம் 2 லட்சம் வரைக்கும் கழிவு உண்டு. ஆனா லோன் எடுத்த நிதியாண்டு முடிஞ்சு 5 வருஷத்துக்குள்ள கட்டி முடிக்கணும். இல்லேன்னா 30,000 மட்டும்தான். கட்டும்போது கட்டின வட்டியை, முடிச்ச வருஷத்துல இருந்து அஞ்சு சம பங்கா, அந்த 2 லட்சத்துக்குள்ளயே கழிச்சுக்கலாம். புது வரி முறையில குடியிருக்கிற வீட்டுக்கு இந்தக் கழிவு கிடையாது. அதனால "லோன் எடுத்தா வரி மிச்சம்"னு யாராவது சொன்னா, நீங்க எந்த முறையில இருக்கீங்கன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

அக்ரிமெண்ட்ல இருக்க வேண்டிய எட்டு வரிகள்

விசிட்டிங் கார்டு பின்னாடி எழுதின ரேட் அக்ரிமெண்ட் ஆகாது. முத்திரைத்தாள்ல, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு இதெல்லாம் இருக்கணும்:

1. எந்த அளவு முறை, எது முழு ரேட், எது பாதி ரேட்
2. ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா
3. சிமெண்ட், கம்பி எந்தத் தரம், காங்கிரீட் குறைஞ்சது எம்20
4. டைல்ஸ், கதவு, ஃபிட்டிங் ஒவ்வொண்ணுக்கும் விலை வரம்பு
5. ரேட்டுல சேராத வேலைகளோட பட்டியல்
6. கட்டம் கட்டமா தவணை, பிடித்தம் 5%
7. முடிக்க வேண்டிய தேதி, தாமதமானா மாசத்துக்கு எவ்வளவு கழிவு
8. எக்ஸ்ட்ரா வேலைக்கு முன்கூட்டியே விலை எழுதி, நீங்க ஒத்துக்கிட்ட பிறகுதான் செய்யணும்

எட்டாவது வரியை நீங்களும் மதிக்கணும். சைட்டுல நின்னுக்கிட்டு "இந்த ஜன்னலைக் கொஞ்சம் பெருசாக்கிடுங்க அண்ணே"ன்னு வாய் வார்த்தையா சொல்லிட்டு வந்தா, கடைசிக் கணக்குல அது எவ்வளவுன்னு அவர் சொல்றதுதான். ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போடுங்க: "ஜன்னல் மாத்தினதுக்கு 6,500, சரிதானே?" அவர் "சரி"ன்னு பதில் போட்டாலே போதும், ரெண்டு பேருக்கும் நிம்மதி.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஏற்கனவே கொட்டேஷன் வாங்கி வச்சிருந்தா, ஒரு தாளை எடுங்க. இடது பக்கம் அவர் கேட்கிற தவணை, வலது பக்கம் அந்தக் கட்டத்துல நடந்திருக்கிற வேலையோட சதவீதம். பேங்க் இன்ஜினியர்கிட்டயோ தெரிஞ்ச இன்ஜினியர்கிட்டயோ கேட்டா அந்தச் சதவீதத்தைச் சொல்லிடுவாங்க. எந்த வரியிலயாவது இடது பக்கம் வலது பக்கத்தை விட 10%க்கு மேல கூடுதலா இருந்தா, அந்த வரியைப் பேசி மாத்தாம கையெழுத்து போடாதீங்க.

வீடு கட்டும்போது நம்ம கையில இருக்கிற ஒரே பிடி, இன்னும் கொடுக்காத பணம்தான். கொடுத்த பிறகு கெஞ்சத்தான் முடியும்.

உங்க வீட்டுல எந்தக் கட்டத்துல பணம் இறுக்கிச்சு, எப்படிச் சமாளிச்சீங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்து கட்டப் போறவங்களுக்கு அது உதவும். ஹோம் லோன் தவணையை பேங்க்ல எப்படிக் கேட்டு வாங்குறது, என்னென்ன பேப்பர் வேணும்ங்கிறதை அடுத்த வீடியோவுல பார்ப்போம்.